கடைக்காரர் ஓவர்கிளாக் செய்து தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்கும் கேமுக்கும் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஐ5-14600கே பிராசசர், இசட்790 போர்டு, லிக்விட் கூலர் என்று கொட்டேஷன் போட்டுக் கொடுத்தார்கள். மேலே ஒரு தொகை கொடுத்தால் ஓவர்கிளாக் செய்தே தருவார்களாம். என் அண்ணன் மகனோ, கே இல்லாத பிராசசரும் பி760 போர்டும் போதும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அண்ணன் மகன் பேச்சைக் கேளுங்கள்.

ஓவர்கிளாக் என்றால், கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓட்டுவது. அதைச் செய்து பெரிய லாபம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1998-இல் வந்த செலரான் 300ஏ பிராசசரை வாங்கி, பஸ் வேகத்தை (போர்டு பிராசசருக்குக் கொடுக்கும் அடிப்படை வேகத்தை) 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது. கூடுதலாகப் பாதி வேகம் இலவசம். இன்றைய நிலைமை வேறு. சிப் எவ்வளவு தாங்குமோ அதில் பெரும்பகுதியை கம்பெனியே டர்போ என்ற பெயரில் எடுத்துவிடுகிறது. 14600கே பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். கடைக்காரர் மெனக்கெட்டு 5.6 ஆக்கினாலும் கூடுவது 6 சதவீதம்கூட இல்லை.

அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். கே என்ற எழுத்துள்ள, ஓவர்கிளாக் செய்ய அனுமதிக்கும் பிராசசருக்குக் கூடுதல் காசு. அதன் மல்டிப்ளையரை (பஸ் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு ஓடுவது என்ற எண்ணை) ஏற்ற இசட் வரிசை போர்டுதான் வேண்டும், பி760-இல் நடக்காது. சூட்டைச் சமாளிக்கப் பெரிய கூலர், கொஞ்சம் பெரிய எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), அப்புறம் மாதாமாதம் கரண்ட் பில். வோல்டேஜ் ஏறினால் மின்செலவு அதன் வர்க்கத்தில் ஏறும். 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கி வேகத்தை 6 சதவீதம் கூட்டினால், சிப் இழுக்கும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

கே இல்லாத ஐ5-14500-இலும் அதே 14 கோர்கள், 5 கிகாஹெர்ட்ஸ். மிச்சமாகும் பணத்தை கிராபிக்ஸ் கார்டிலும் ராமிலும் போடுங்கள். கேமில் பலன் கண்ணுக்குத் தெரியும்.

கே பிராசசரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓவர்கிளாக் செய்யாமலே அது வேகமானதுதான், விலை ஒத்துவந்தால் வாங்கலாம். தனிக் கட்டணம் கேட்கும் அந்த ஓவர்கிளாக் வேலைதான் வேண்டாம். எந்த வோல்டேஜ் வைத்தார், எத்தனை மணி நேரம் சோதித்தார், நாளை சிப் போனால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: நானே ஓவர்கிளாக் செய்து சினிபெஞ்ச் 10 நிமிடம் ஓட்டினேன், பாஸ். ஆனால் ரெண்டர் பாதியில் நிற்கிறது. சில சமயம் சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது ப்ளூ ஸ்கிரீன் வருகிறது. ஸ்டேபிளா, இல்லையா?

பதில்: இல்லை. ப்ளூ ஸ்கிரீன் வந்தது உங்கள் நல்ல காலம் என்றே சொல்வேன். உண்மையில் பயப்பட வேண்டியது, சத்தமே இல்லாமல் தப்பாகக் கணக்குப் போடும் மெஷினைப் பார்த்துத்தான். அது கல்யாண வீடியோவில் ஒரு ஃபிரேமைக் கெடுக்கும், ஜிப் ஃபைலைத் திறக்க முடியாமல் செய்யும். அந்தக் கெட்ட ஃபைலையே பேக்கப்பிலும் எழுதி வைக்கும். பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

சினிபெஞ்ச் வேகம் அளக்க வந்த மென்பொருள். கணக்கில் தப்பு நடந்ததா என்று அது சரிபார்ப்பதில்லை. பிரைம்95 அப்படியில்லை. பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது அது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் பிராசசரிடம் கொடுத்து, வந்த விடையை ஒப்பிடும். ஒன்று பிசகினாலும் அந்த வொர்க்கர் மட்டும் நின்றுவிடும், மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். மெஷின் ஹேங் ஆகவில்லை என்பதால் பலர் பாஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வொர்க்கர் ஜன்னலையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு எரர் இருந்தாலும் ஃபெயில்தான்.

முதலில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்எம்பி (ராமை அதன் விளம்பர வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் அதையும் எடுங்கள். ராம் தப்பையும் பிராசசர் தப்பையும் ஒன்றாகக் கலந்தால் எது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பிராசசரை 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, பிரைம்95-இல் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற, பிராசசரை வாட்டும் சோதனையை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பாஸ் ஆனால் அடுத்த 100. ஃபெயில் ஆனால் வோல்டேஜை இம்மியளவு கூட்டலாம், ஆனால் நான் ஒரு படி கீழே இறங்கவே சொல்வேன். கடைசியாகப் பாஸ் ஆன அமைப்பை ஒரு முழு இரவு ஓட்டுங்கள். அதன் பிறகு எக்ஸ்எம்பி போட்டு, பென்டிரைவிலிருந்து ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று, அப்புறம் பிராசசரையும் ராமையும் சேர்த்துப் பார்க்கும் பிரைம்95-இன் பிளெண்ட் சோதனை.

சோதனை ஓடும்போது எச்டபிள்யூஇன்ஃபோ என்ற, சூடும் வேகமும் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்து, சூட்டையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 14600கே 100 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நீங்கள் சோதிப்பது 5.6 இல்லை, அதற்குக் கீழே ஏதோ ஒரு வேகம். அதில் வாங்கிய பாஸுக்கு மதிப்பில்லை.

நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. கூலர் எதுவானாலும் அறைச் சூட்டுக்கு மேலேதான் சிப்பின் சூடு நிற்கும். டிசம்பரில் 26 டிகிரி அறையில் 85-இல் ஓடியது, கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் 97-ஐ எட்டும். அதனால் குளிர்காலத்தில் சோதிப்பவர்கள் குறைந்தது 15 டிகிரி இடைவெளி விட்டு வையுங்கள். ஏசி போட்ட அறையில் சோதித்துவிட்டு ஏசி இல்லாமல் பயன்படுத்துவதும் இதே கதைதான்.

பிரவுசரில் வரும் ப்ளூ ஸ்கிரீனுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். முழு லோடில் எல்லாக் கோர்களும் சற்றுக் குறைந்த வேகத்தில் ஓடும். லேசான வேலையில் ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். ஏஎம்டியின் ரைசன் பிராசசரில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வோல்டேஜ் அமைப்பை மைனஸில் வைத்தவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். கோர்சைக்கிளர் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதித்து, எது தடுமாறுகிறது என்று காட்டிவிடும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் என்ற பெயரில் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். வன்பொருள் தப்பு செய்து, அதைத் தானே சரிசெய்துகொண்டபோதும் அங்கே எழுதி வைக்கும். மெஷின் நன்றாக ஓடுவதுபோல் தெரிந்தாலும், அந்தப் பதிவுகள் வந்துகொண்டிருந்தால் அமைப்பைக் குறையுங்கள்.

கேள்வி: எக்ஸ்எம்பி, எக்ஸ்போ போட்டால் வாரண்டி போய்விடுமா?

பதில்: காகிதத்தில் பார்த்தால், போகலாம். எக்ஸ்எம்பி போலவே ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ தன்னுடைய வசதியாக இருந்தும், வரையறைக்கு வெளியே ஓட்டினால் வாரண்டி கிடையாது என்றே ஏஎம்டி எழுதியிருக்கிறது. இன்டெலும் வேகத்தையோ வோல்டேஜையோ மாற்றினால் வாரண்டி போகலாம் என்கிறது. ரைசன் 5 7600-க்கு ஏஎம்டி சொல்லும் ராம் வேகம் 5200. நீங்கள் வாங்கும் 6000 கிட் அதைத் தாண்டியது. விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட வேகத்தைப் பயன்படுத்தினாலே வாரண்டி கேள்விக்குறி என்பது வாங்குபவருக்குச் செய்யும் நியாயம் இல்லை. ஓவர்கிளாக் செய்யாத மெஷினில் வந்த கோளாறுக்கு வாரண்டி மறுக்கப்பட்டால், பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஐ9-13900கே மலிவாக வருகிறது. லேசாக ஓவர்கிளாக் செய்ததுதான் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: இந்த வரிசையில் மிகவும் கவனம் வேண்டும். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில், தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நாளடைவில் சிப் தேய்வதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் (போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் இனிமேல் தேயாமல் காக்கும், தேய்ந்துபோன சிப்பைச் சரிசெய்யாது. அதோடு ஓவர்கிளாக்கும் செய்த சிப் என்றால் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

பெட்டியோடு விற்ற சிப்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு கூட்டி ஐந்து ஆண்டாக்கியிருக்கிறது. பெட்டி இல்லாமல் விற்கும் ட்ரே சிப்புக்கு விற்ற கடைதான் பொறுப்பு. அதனால் பெட்டியும் பில்லும் கேளுங்கள். பெட்டியில் உள்ள எண்களை இன்டெல் இணையதளத்தில் போட்டு வாரண்டி எப்போது முடிகிறது என்று நீங்களே பாருங்கள். புதிய பயாஸ் போட்டு, இன்டெல் டீஃபால்ட் அமைப்பில் வைத்து, விற்பவர் முன்னிலையில் பிரைம்95 ஒரு மணி நேரம் ஓடட்டும். எரர் வந்தாலோ, பெட்டி தொலைந்துவிட்டது என்றாலோ, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.