யன்னல், சன்ரூம், டெக்: மூன்றையும் ஒரே கடனில் செய்யலாமா?

கேள்வி: எங்களுடையது 1990களில் கட்டிய செங்கல் வீடு. குளிர்காலத்தில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர் 11 யன்னல், பின்பக்கம் சன்ரூம் (கண்ணாடி அறை), அதோடு வினைல் டெக் (பிளாஸ்டிக் பலகைத் திறந்த மேடை), எல்லாம் சேர்த்து 62,000 டொலர் என்கிறார். முற்பணம் இல்லை, மாதம் 744 டொலர் கட்டினால் போதுமாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைத்தால்தான் இந்த விலையாம். கணவருக்கு விருப்பம், எனக்குப் பயம். அவர் தந்த தாளை அனுப்பியிருக்கிறேன். - ஸ்காபரோ வாசகி

பதில்: வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்காதீர்கள். நல்ல விலை அடுத்த மாதமும் கிடைக்கும்.

அந்தத் தாளில் வட்டி 11.99 வீதம், கடன் 180 மாதத்துக்கு. 744ஐ 180ஆல் பெருக்கினால் 133,920 டொலர். 62,000 டொலர் வேலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் கட்டப்போகிறீர்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது கீழே சின்ன எழுத்தில் இருக்கும் 5 ஆண்டுத் தவணை, அதாவது இந்த வட்டி 5 ஆண்டுக்கு மட்டும்தான். அந்த 5 ஆண்டில் 44,640 டொலர் கட்டியிருப்பீர்கள், ஆனாலும் இன்னும் 52,000 டொலருக்குக் கிட்ட நிலுவை இருக்கும். அதை அன்றைய வட்டியில் புதுப்பிக்க வேண்டும். மாதம் எவ்வளவு என்று மட்டும் பேசுகிறவரிடம் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

இந்த மூன்றும் ஒரே வகைச் செலவு அல்ல. யன்னல் வீட்டின் பராமரிப்பு. சன்ரூமும் டெக்கும் ஆசைக்குச் செய்வது. ஆசை பிழையில்லை, ஆனால் அதைப் பராமரிப்போடு கட்டி ஒரே கடனுக்குள் போடக்கூடாது.

யன்னலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம், விரலால் துடைத்தால் போகிறது என்றால், வீட்டுக்குள் இருக்கும் ஈரப்பதம்தான் பெரும்பாலும் காரணம். நாங்கள் சோறு வடிக்கிறோம், இடியப்பம், புட்டு அவிக்கிறோம். குளிர்காலத்தில் யன்னலும் திறப்பதில்லை. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் விசிறியைப் போடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி வையுங்கள். கடுங்குளிர் நாட்களில் அது 30 வீதத்துக்குக் கிட்ட இருப்பது நல்லது. துடைத்தாலும் போகாமல் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனிப்புகார் மூடியதுபோல் இருந்தால், கண்ணாடிகளைச் சுற்றிக் காற்றுப் புகாமல் இருக்கும் அடைப்பு விட்டுப்போயிற்று. யன்னல் சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம், செலவு மிகக் குறைவு. சட்டம் உக்கி, காற்றும் வந்தால்தான் முழு யன்னல்.

அப்படி மாற்றினால் எனர்ஜி ஸ்டார் என்ற மின்சார, வெப்பச் சிக்கன முத்திரை உள்ளதாக எடுங்கள். கனடா முழுவதுக்கும் அளவு ஒன்றுதான்: யூ-காரணி (வெப்பம் வெளியேறும் அளவு) 1.22 அல்லது அதற்குக் கீழே, இல்லையென்றால் ஈஆர் எண் (யன்னலின் மொத்தச் சிக்கன மதிப்பு) 34 அல்லது அதற்கு மேலே. பழைய சட்டத்துக்குள் புதியதைச் செருகுகிறார்களா, செங்கல்வரை எல்லாவற்றையும் கழற்றிப் போடுகிறார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். யன்னலுக்குக் கொடுத்த காசு எரிவாயு பில்லில் சீக்கிரம் திரும்பும் என்றால் நம்பவேண்டாம். கிடைப்பது குளிரில்லாத, சத்தமில்லாத அறை. அதற்காகவும் மாற்றலாம்.

அரசு உதவி எடுத்துத் தருகிறோம் என்று சொன்னாரா? வீட்டில் எரிசக்தியைச் சிக்கனப்படுத்த மத்திய அரசு தந்த கிரீனர் ஹோம்ஸ் மானியம் 2024 தொடக்கத்திலும், வட்டியில்லாக் கடன் 2025 ஒக்டோபரிலும் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டன. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில் யன்னலுக்குச் சிறு தொகை உண்டு. வேலை தொடங்கும் முன்பே நிபந்தனையை நீங்களே படியுங்கள்.

சன்ரூமில் ஒரு கேள்வி போதும்: மூன்று பருவமா, நான்கு பருவமா? மூன்று பருவம் என்றால் வெப்பமூட்டல் இல்லை, ஜனவரியில் அங்கே இருந்து தேத்தண்ணி குடிக்க முடியாது. நான்கு பருவத்துக்கு, குளிரில் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே, சுமார் 4 அடி ஆழத்தில் அத்திவாரம் வேண்டும், மாநகரசபை அனுமதி வேண்டும், வீட்டு மதிப்பீடு கூடிச் சொத்து வரியும் ஏறலாம். உங்கள் தாளில் எந்த வகை என்றே எழுதவில்லை. டெக் காத்திருக்கலாம். வினைல் பலகைக்கு வர்ணம் பூசத் தேவையில்லை என்பது உண்மை, ஆனால் ஜூலை வெயிலில் வெறுங்காலோடு நடக்கச் சுடும். சன்ரூம் வருமா என்று தெரியாமல் டெக்கின் அளவையும் முடிவு செய்ய முடியாது.

யன்னலுக்கு மட்டும் 15,000 டொலர் வேண்டும், வீட்டை ஈடுவைத்து வேண்டியபோது எடுக்கும் வங்கிக் கடனான லைன் ஒஃப் கிரெடிட் 6 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 290 டொலராக 5 ஆண்டில் முடியும், மொத்தம் 17,400. வட்டி மாறும், வீடுதான் ஈடு. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே போகவும் வங்கி விடும், அதனால் மாதத் தொகையை நீங்களே கட்டாயமாக்க வேண்டும்.

கணவர் ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தாலும் பதற வேண்டாம். வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோ சட்டம் இடம் தருகிறது. எழுத்தில் அனுப்பிச் சான்றை வைத்திருங்கள். கையெழுத்து வைக்கவில்லையென்றால், இரண்டு வேறு நிறுவனங்களிடம் யன்னலுக்கு மட்டும், 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரி சேர்த்து விலை கேளுங்கள். அந்தத் தாள்களைக் கணவரோடு இருந்து பாருங்கள். சன்ரூம் பற்றி அடுத்த வசந்த காலத்தில் பேசலாம்.