அக்டோபரில் குழி தோண்டாதீர்கள்

வணக்கம். திருவாரூர் அருகே தரவு மையம், அதாவது சர்வர் கணினிகள் இரவு பகலாக ஓடும் கட்டடம், கட்டப்போகிறீர்கள். அக்டோபரில் அஸ்திவாரம், ஆறாம் மாதம் ஜெனரேட்டர் ஆர்டர், கடைசி இரண்டு வாரம் சோதனை. பத்து மாதத்தில் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வரிசையில் முடியாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மன்னார்குடிப் பக்கம் ஒரு வேலையில் நவம்பரில் குழி தோண்டினோம். இரவெல்லாம் மோட்டார் வைத்து இறைத்தும், விடிந்து பார்த்தால் களிமண் சரிந்து கம்பிக்கூட்டைப் பாதி மூடியிருந்தது. கம்பி கம்பியாகக் கையால் வழித்தெடுக்க மூன்று நாள் ஆயிற்று. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நிலத்தடி நீரும் ஏறும். பிப்ரவரியில் தொடங்கி மே முடிவதற்குள் தரைமட்டத்துக்கு மேலே வந்துவிடுங்கள்.

மழை மாதங்களைச் சும்மா விட வேண்டாம். டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்கியர் எல்லாம் சொல்லிவைத்துச் செய்பவை, வந்து சேரப் பல மாதம் ஆகும். அவற்றின் ஆர்டரும் உயரழுத்த மின் இணைப்புக்கான விண்ணப்பமும் முதல் மாதத்திலேயே போகட்டும்.

சோதனைக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பார்த்தபின், சர்வர்களுக்குப் பதிலாக மின்சாரம் இழுக்கும் போலிச் சுமை ஏற்றி, வெளி மின்சாரத்தைத் துண்டித்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்ட வேண்டும். குறை தெரிவதே அப்போதுதான். அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டவும் நாள் வேண்டுமே!

மண் பரிசோதனை அறிக்கையில் நீர்மட்டத்தை எந்த மாதத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள். மே மாதம் என்றால், மழைக்காலத்தில் இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள்.