நிற்கிற ஆளிடம் எல்லா வர்மமும் பலிக்கும்

தற்காப்பு பற்றி எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வர்மத்தைப் பற்றித்தான், அதாவது அடிபட்டால் ஆளையே சாய்க்கும் என்று சொல்லப்படுகிற உயிர்நிலைகளைப் பற்றி. நான் தக்கலைப் பக்கம் ஓர் ஆசானிடம் பன்னிரண்டு வருடம் குமரிப் பக்கத்துச் சண்டைக்கலையான அடிமுறையும் சிலம்பமும் படித்தவள், அப்புறம் ஜூடோவும் கற்றேன், இப்போது மதுரையில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். தெரிந்ததை நேராகச் சொல்கிறேன்.

கேள்வி: கழுத்தில் லேசாகத் தட்டியதும் ஆள் மயங்கி விழுகிற வீடியோக்களை நிறையப் பார்க்கிறேன். அது உண்மையா? உண்மை என்றால் அந்த ஓர் இடத்தை மட்டும் கற்றுக்கொண்டால் போதாதா? (ச.மு., விருதுநகர்)

தம்பி, சில வீடியோக்களில் விழுகிறவர் உண்மையாகவே விழுகிறார். கழுத்தின் பக்கவாட்டில், தாடைக்குக் கீழே நாடி துடிக்கிற இடத்தில் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. ரத்த அழுத்தத்தை உணர்கிற நரம்பு முனைகள் அந்தப் பிரிவில்தான் இருக்கின்றன. அங்கே திடீரென்று அடி விழுந்தால், அழுத்தம் ஏறிவிட்டது என்று உடம்பு தவறாக எடுத்துக்கொண்டு இதயத் துடிப்பைக் குறைத்து ரத்தக்குழாய்களையும் தளர்த்திவிடும், மூளைக்குப் போகிற ரத்தம் சில நொடி குறையும், ஆள் சரிந்துவிடுவார். இதில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் எல்லோர் உடம்பும் இதற்கு ஒரே மாதிரி மசிவதில்லை, அதிலும் விழப்போகிறோம் என்று நம்பிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நிற்கிற சீடனின் உடம்பும், உங்களை அடிக்க ஓடி வருகிறவனின் உடம்பும் ஒன்றே இல்லை. தயவுசெய்து நண்பர்களிடம் இதைச் செய்து பார்க்காதீர்கள். வயதானவர்களுக்கு அந்தக் குழாயில் கொழுப்பு படிந்திருக்கலாம், அதில் ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஓர் இடத்தை மட்டும் கற்றால் போதுமா என்று கேட்கிறீர்களே, அதற்கு எங்கள் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஒருவர் பழைய வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார், அதில் நெஞ்சுக்குழிக்கு நேராகவும் விலாவிலும் தோளிலும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் வரைந்திருக்கும். எதிரில் இருப்பவர் விரல் நுனியில் குங்குமத்தைக் குழைத்துத் தொட்டுக்கொண்டு, அரை நிமிடத்துக்குள் அந்த வட்டங்களைத் தொட வேண்டும். சட்டை போட்டவர் சும்மா நிற்க மாட்டார், நகர்வார், கையைத் தட்டிவிடுவார், பிடித்துத் தள்ளுவார். முடிந்ததும் சட்டையைக் கழற்றித் தரையில் விரிப்போம். கையெல்லாம் சிவப்பு, தோளெல்லாம் இழுவிய கோடு, காலரில் ஒரு பொட்டு, வட்டத்துக்குள் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நான்கு வருடம் படித்த பிள்ளைகளின் சட்டையும் அப்படித்தான் இருக்கிறது. அதுவும் கோபமோ பயமோ இல்லாத, சிரித்துக்கொண்டே செய்கிற பயிற்சியில்.

நிஜச் சண்டையில் பயம் ஏறினால் அட்ரினலின் சுரந்து கை நடுங்கும், விரல் நுனி வேலை எதுவும் சரிப்படாது, பார்வை எதிராளியின் முகத்தோடு குறுகிவிடும். அவனுக்கும் அட்ரினலின் ஏறியிருக்கும் என்பதால், சாதாரணமாக அலற வைக்கிற வலி அவனுக்கு உறைக்கவே உறைக்காது, குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் வலியை மட்டும் நம்புகிற அடிகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. தாடையில் பக்கவாட்டில் விழுகிற அடி தலையைத் திருகி மூளையைக் குலுக்கும், நெஞ்சுக்குழியில் விழுகிற குத்து உதரவிதானம் என்கிற மூச்சுத் தசையைப் பிடித்து மூச்சை அடைக்கும், வலது விலாவுக்குக் கீழே ஈரலில் விழுகிற அடியில் ஆள் சுருண்டுபோவான். வலி தெரியாதவனையும் இவை நிறுத்தலாம், இடமும் கொஞ்சம் பெரிது, ஓர் அங்குலம் தள்ளி விழுந்தாலும் முழுக்க வீணாகாது.

கேள்வி: தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறேன். கூட்டத்தில் தொடுகிறவனை எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். (ஒரு வாசகி, திண்டுக்கல்)

தங்கை, எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது ஆசானிடம் ஆறு வருடம் படித்து முடித்திருந்தேன், ஊரில் கம்பு சுற்றினால் நின்று பார்ப்பார்கள். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் ஒரு கை இடுப்பில் வந்து விழுந்தது. நான் அசையவே இல்லை. மூன்று ஸ்டாப் தாண்டும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன், தொண்டையில் சத்தம்கூட வரவில்லை. மறுநாள் ஆசானிடம் சொல்லி அழுதேன், ஆறு வருடமும் வீண் என்றேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ படிச்சதெல்லாம் நிக்குத ஆளுகிட்டல்லா மக்களே, பின்ன எப்பிடி கை வரும்?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து களரியில், அதாவது பயிற்சிக் களத்தில், பத்துப் பேரை ஒரு மூலையில் நெருக்கி நிற்கவைத்து, யார் கை என்று தெரியாமல் ஒரு கை என் தோளைப் பிடிக்கும், நான் திரும்பிக் கத்த வேண்டும். கத்துவதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது.

உறைந்துபோவது கோழைத்தனம் கிடையாது, ஆபத்தில் உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. அதை மாற்ற முடியும், ஆனால் யோசித்து மாற்ற முடியாது, உடம்பால் செய்து செய்துதான் மாற்ற முடியும். அதனால் முதலில் குரலைப் பழகுங்கள். வீட்டு மொட்டை மாடியில் தோழியை வைத்துக்கொண்டு "கையை எடு!" என்று வயிற்றிலிருந்து கத்திப் பழகுங்கள், கெஞ்சுகிற தொனி வரவே கூடாது. பஸ்ஸில் "நீலச் சட்டை, கையை எடு" என்று அடையாளத்தோடு சொன்னால் மொத்தக் கூட்டமும் அவனைத் திரும்பிப் பார்க்கும். மணிக்கட்டைப் பிடித்தால் அவன் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் அந்தப் பிடியின் பலவீனம், அந்தப் பக்கமாக முழங்கையை மடக்கி உடம்போடு சேர்த்துத் திருப்பி இழுங்கள், வெறும் கையால் இழுத்தால் வராது. அதற்கும் மேலே போனால் குறி தேவைப்படாத அடிகள்: முழங்கையால் பின்பக்கம் விலாவில், குதிகாலால் அவன் பாதத்தின் மேல், முகத்துக்கு முகம் என்றால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கை நோக்கி. விரலை மடக்கிக் குத்த வேண்டாம், பழக்கம் இல்லாத கை எலும்பு முறியும்.

கேள்வி: வர்ம அடி பட்டவர் அப்போது நன்றாக இருந்து, பல நாள் கழித்து இறந்துபோவார் என்று எங்கள் தாத்தா சொல்வார். அப்படி நடக்குமா? (இரா.செ., நாகர்கோவில்)

நடக்கும், உங்கள் தாத்தா சொன்னதைக் கதை என்று தள்ள வேண்டாம். பழைய வர்ம ஏடுகளில் படுவர்மத்துக்கு, அதாவது அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான இடங்களுக்கு, நாழிகைக் கணக்கே இருக்கிறது, இத்தனை நாழிகைக்குள் தடவி இளக்கி ஆளை மீட்காவிட்டால் ஆபத்து என்று. ஒரு நாழிகை 24 நிமிடம். இன்றைய மருத்துவத்தில் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவை உண்டு. இடது விலாவில் அடிபட்டால் மண்ணீரல் உள்ளுக்குள் கிழிந்து, உறைக்குள்ளேயே ரத்தம் தேங்கி, சில நாள் கழித்து உடையலாம். தலையில் அடிபட்டவர் எழுந்து பேசுவார், டீ குடிப்பார், சில மணி நேரத்தில் மண்டையோட்டுக்குள் கசிந்த ரத்தம் மூளையை அழுத்தி நினைவு தப்பிவிடும். வயதானவர்களுக்கு அந்தக் கசிவு மெதுவாக, வாரக்கணக்கில்கூடச் சேரும். பழைய ஆசான்கள் இப்படிப்பட்ட ஆட்களைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஆகவே யாருக்காவது தலையிலோ விலாவிலோ பலமாக அடி விழுந்தால், நன்றாகப் பேசுகிறார் என்று வீட்டில் படுக்கவைக்காதீர்கள். ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போங்கள். வாந்தி, விடாத தலைவலி, மயக்கம், தோள்பட்டை வரை ஏறுகிற வயிற்று வலி, இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 108. எண்ணெய் தடவுவதெல்லாம் அதற்கப்புறம்.

கேள்வி: எங்கள் ஊரில் இரண்டு நாள் முகாமில் 108 வர்மத்தையும் கற்றுத்தருவதாக விளம்பரம் வந்திருக்கிறது. பத்து வயது மகனைச் சேர்க்கலாமா? (ஒரு தந்தை, கோவை)

சேர்க்காதீர்கள் ஐயா. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது வழக்கமான கணக்கு. அந்தப் பெயர்களை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம், ஆனால் பெயர் தெரிவது வேறு. எங்கள் பக்கத்தில் முதலில் சுவடு, அதாவது கால் வைக்கிற முறை. அதுவே மாதக்கணக்கில் போகும். பிறகு கைப்போர், கம்பு. பல வருடம் போன பிறகு, பையனின் குணத்தைப் பார்த்துத்தான் வர்மம். எனக்கு ஆசான் வர்மம் தொடங்கியது பதினோராவது வருடத்தில். அன்றைக்கு அவர் சொல்லித்தந்தது எப்படி அடிப்பது என்று இல்லை, அடிபட்டு மலைத்துக் கிடப்பவனை எப்படி உட்காரவைப்பது, எங்கே தடவி மூச்சை இளக்குவது என்றுதான். இளக்குமுறை தெரியாதவன் கையில் அடிமுறை போகக்கூடாது என்பது அவர்கள் வைத்திருந்த ஒழுங்கு. காலையில் களரி, பகல் முழுக்க அதே திண்ணையில் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் வைத்தியம். என்னைக் கேட்டால் வர்மத்தின் பெரிய பலன் இந்த இரண்டாவது பாதியில்தான். சித்த மருத்துவப் படிப்பில் இன்றும் அது பாடமாக இருக்கிறது.

மகனைச் சிலம்பத்திலோ ஜூடோவிலோ குத்துச்சண்டையிலோ சேருங்கள். ஜூடோவை ஏன் சொல்கிறேன் என்றால், ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882இல் அதைத் தொடங்கியபோது இதே சிக்கல்தான் அவர் முன்னால் இருந்தது. உயிர்நிலைகளில் அடிக்கிற வித்தைகள் ஜுஜுட்சு என்கிற பழைய ஜப்பானியச் சண்டைக்கலையில் ஏராளம், ஆனால் அவற்றைத் தோழன்மேல் முழு வேகத்தில் பழக முடியாது. அவற்றை அவர் முன்பே வகுத்த வரிசையில் செய்து பழகுகிற பாடமாக மட்டும் தனியே வைத்துவிட்டு, எறிவது, பிடிப்பது, மடக்குவது என்று முழு பலத்தோடு எதிர்க்கிற ஆளிடம் தினமும் செய்து பார்க்கக்கூடியதை நடுவில் வைத்தார். எந்த வகுப்பைப் பார்த்தாலும் நீங்கள் பார்க்க வேண்டியது அதுதான். எதிராளி எதிர்க்கிறானா, இல்லை கையை நீட்டிவிட்டு அடி வாங்கக் காத்து நிற்கிறானா? இன்னொன்று, குழந்தையின் கழுத்திலோ தலையிலோ அடித்துக் காட்டுகிற பயிற்சியாளர் என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: கத்தியைக் காட்டிப் பணம் கேட்டால் எப்படித் தட்டிப் பறிப்பது? (ம.க., திருப்பூர்)

கொடுத்துவிடுங்கள். செல்போன், பர்ஸ் எதுவானாலும் அவன் பக்கத்தில் தூக்கிப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள். 1983இல் அமெரிக்காவில் டென்னிஸ் டியூலர் என்ற போலீஸ் பயிற்சியாளர் அளந்து பார்த்து எழுதினார், 21 அடி தூரத்தை ஓர் ஆள் ஒன்றரை நொடியில் ஓடிக் கடந்து குத்திவிட முடியும் என்று. உங்களிடம் கேட்கிறவன் மூன்றடியில் நிற்கிறான். பணம் கொடுத்தும் விடவில்லை, ஓட வழியும் இல்லை என்றால் மட்டும்தான் போராட்டம், அப்போது கையில் பையோ ஹெல்மெட்டோ நாற்காலியோ குறுக்கே இருக்கட்டும், வெறுங்கை வேண்டாம்.

கேள்வி: தற்காப்புக்காக அடித்தால் நம்மேலேயே கேஸ் வருமா? (ஒரு வாசகி, சேலம்)

வரலாம், ஆனால் சட்டம் உங்கள் பக்கம் நிற்க இடம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது முக்கியமான எல்லை. பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, கடத்தல், உயிர் போகும் என்ற நியாயமான பயம், இப்படிச் சில நிலைகளில் எதிராளியின் உயிரே போனாலும் அந்த உரிமை செல்லும். ஆனால் அவன் விழுந்த பிறகு, அல்லது ஓடத் தொடங்கிய பிறகு துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பில் சேராது. இதனால்தான் நான் ஓர் அடி அடித்ததும் இரண்டு எட்டு பின்னால் போகச் சொல்லிப் பழக்குகிறேன்.

தப்பி வந்ததும் அவசர உதவி எண் 112க்கோ பெண்கள் உதவி எண் 181க்கோ நீங்களே முதலில் கூப்பிடுங்கள். உங்கள் உடம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, காயத்தைப் பதிவு செய்கிற ஏ.ஆர். காப்பி போடச் சொல்லுங்கள், புகார் கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. காலை நடைப்பயிற்சியில் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் சங்கிலி பறித்துவிட்டார்கள். இந்த வயதில் நான் எதைக் கற்றுக்கொள்ள முடியும்? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

விழக் கற்றுக்கொள்ளுங்கள் அம்மா. சங்கிலி பறிப்பில் பெரிய காயம் இழுபடுவதாலும் விழுவதாலும்தான் வருகிறது, இடுப்பு எலும்பு, மணிக்கட்டு, பின்மண்டை. சங்கிலியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முடிந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வண்டிகள் எதிரே வருகிற பக்கமாக, வலது ஓரத்தில் நடந்தால் பின்னாலிருந்து வந்து உரசுகிற பைக்குக்கு வழி குறையும்.

விழும் பயிற்சிக்கு முன்னால் எலும்புத் தேய்மானம் இருக்கிறதா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் தரையில் இரண்டு மெத்தையைப் போட்டு, உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, தொப்புளைப் பார்த்தபடி மெதுவாகப் பின்னால் உருளுங்கள், முதுகு தொடும்போது இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தரையில் அறையுங்கள், பின்னால் ஊன்றக்கூடாது. தலை மெத்தையைத் தொடவே கூடாது. ஒரு நாளைக்குப் பத்து முறை போதும். மூன்று வாரம் கழித்து ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து அதையே செய்யுங்கள், அதற்கு மேல் போக ஆள் துணை வேண்டும். என் வகுப்பில் 63 வயதில் ஓர் அம்மா வருகிறார், ஏழாவது மாதத்தில் அவரை நின்ற நிலையிலிருந்து விழவிட்டேன், நான் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டுதான்.