வளைகுடாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: தண்டையார்பேட்டை அம்மா ஒருவருக்கு எழுதிய பதில்

அம்மா, வணக்கம்.

மகளுக்கு வளைகுடாவில் ஆங்கில ஆசிரியர் வேலை வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்வதை எழுதி, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் நகை விஷயத்தைப் பேசிவிடுவோம். ஏஜென்ட் கேட்கும் ஒன்றே முக்கால் லட்சத்துக்காகச் செயினையும் வளையலையும் அடகு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். மகளின் அசல் சான்றிதழ்களோ பாஸ்போர்ட்டோ அவரிடம் இருந்தால் நாளைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

"விசிட் விசாவில் துபாய் போய் இறங்கட்டும், ஒரு மாதத்தில் வேலை விசா மாற்றிவிடலாம்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டிய வார்த்தை இதுதான். விசிட் விசாவில் இருந்துகொண்டு அமீரகத்தில் வேலை பார்ப்பது சட்ட விரோதம். விசா முடிந்த பிறகும் தங்கினால் ஒரு நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். சம்பளம் தராமல் ஏமாற்றினால்கூட அந்தப் பெண் துணிந்து புகார் கொடுக்கப் போக முடியாது. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவையும் விசா செலவையும் வேலை தருபவர்தான் ஏற்க வேண்டும். தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது? 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மீதான ஜிஎஸ்டியும். உங்களிடம் கேட்டிருப்பது அதைப்போலப் பல மடங்கு. உரிம எண் உண்மையா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மண்ணடியிலும் பாரிமுனையிலும் டிக்கெட், விசா வேலைகளை ஒழுங்காகச் செய்து தருகிற டிராவல்ஸ்காரர்கள் பலர் உண்டு. ஆனால் டிக்கெட் போடுகிறவர் எல்லாரும் வேலைக்கு ஆள் அனுப்பும் உரிமம் பெற்றவர் இல்லை. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஒருமுறை நேரில் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள்.

சரி, உங்கள் மகளுக்கு அங்கே வேலை கிடைக்குமா? கிடைக்கும். இன்றைக்கே கிடைக்காது. அரசு மகளிர் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம், இரண்டு வருடம் மெட்ரிக் பள்ளி அனுபவம், பி.எட். இல்லை. இந்த மூன்றாவதில்தான் எல்லாம் நிற்கிறது.

வளைகுடாவில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை என்றால் மூன்று தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. நல்ல சம்பளம், வீடு, வருடாந்திர விமான டிக்கெட் என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளின் வேலை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களைத்தான் அவை முதலில் தேடும். இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். நம் பிள்ளைகளின் இலக்கண அறிவு யாருக்கும் குறைந்ததில்லை. ஆனாலும் நிலைமை அப்படித்தான் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்தது பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்தும் வேலை. சவூதியில் இந்தியர்கள் பலர் இதில் இருந்திருக்கிறார்கள். அதற்கு எம்.ஏ.வும் கல்லூரி அனுபவமும் வேண்டும். மூன்றாவதுதான் நமக்கான வாசல்: அங்கே இருக்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள். ஆறு வளைகுடா நாடுகளிலுமே சிபிஎஸ்இ பள்ளிகள் இருக்கின்றன. சிபிஎஸ்இ வாரியத்துக்குத் துபாயில் ஒரு அலுவலகமே உண்டு.

இந்தப் பள்ளிகளின் விளம்பரங்களைப் பத்து எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். பட்டப்படிப்பு, பி.எட்., சிபிஎஸ்இ பள்ளியில் இரண்டு மூன்று வருட அனுபவம் என்றுதான் திரும்பத் திரும்ப வரும். சிலவற்றில் 'சொந்த விசா உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்றும் இருக்கும். கணவர் விசாவில் அங்கேயே குடியிருக்கும் இந்தியப் பெண்கள் நிறையப் பேர் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளி வீடு தர வேண்டியதில்லை, விசாவும் எடுக்க வேண்டியதில்லை. சம்பளம் அமுங்கியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சென்னையிலிருந்து தனியாகப் போகும் பெண், பள்ளியே விசாவும் தங்குமிடமும் தருகிற வேலையைத்தான் பார்க்க வேண்டும். அப்படி வெளியிலிருந்து ஒருவரை வரவழைக்கச் செலவு செய்யும் பள்ளி, பி.எட். இல்லாதவரை எடுக்காது.

ஆகவே என் யோசனை இதுதான். மகள் முதலில் பி.எட். சேரட்டும். ரெகுலரில், நேரில் போய்ப் படிக்கும் பி.எட். இரண்டு வருடம் போகிறதே என்று தொலைதூரக் கல்வி பக்கம் போக வேண்டாம். தொலைதூரப் பட்டங்களுக்குச் சமநிலைச் சான்று, அதாவது நம் பட்டம் அந்த நாட்டுப் பட்டத்துக்கு இணை என்ற சான்று, வாங்குவதில் வளைகுடாவில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில் கடற்கரைச் சாலையில் லேடி வில்லிங்டன் அரசுக் கல்வியியல் கல்லூரி இருக்கிறது, சைதாப்பேட்டையில் இன்னொரு அரசுக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. அடகு வைக்க நினைத்த நகைக்கு வேலையே இருக்காது. படிப்பு முடிந்ததும் பெரம்பூர், மாதவரம், கொளத்தூர் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் இரண்டு வருடம். முதல் வருடச் சம்பளம் மனதுக்கு நிறைவாக இருக்காது. அந்த அனுபவச் சான்றிதழ்தான் மகளை விமானம் ஏற்றப்போகிறது, அதனால் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான்கு வருடமா என்று நீங்கள் பெருமூச்சு விடுவது எனக்குப் புரிகிறது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு நான்கு வருடம் போனால் இருபத்தேழு. கல்யாணப் பேச்சு நடுவில் வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரட்டும். பி.எட். கல்யாணத்துக்குப் பிறகும் கையில் இருக்கும். அடகுக் கடைக்குப் போன நகை திரும்புமா என்பது வேறு கேள்வி.

இந்த இடைவெளியில் வீட்டிலிருந்தே ஒன்று செய்யலாம். வளைகுடாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆன்லைன் டியூஷன் தேடுகிறார்கள். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம். அங்கே மாலை ஐந்து மணி என்றால் இங்கே ஆறரை, ஏழரை. இரண்டு பிள்ளைகளுக்குச் சிபிஎஸ்இ எட்டாம் வகுப்பு ஆங்கிலம் நடத்தினாலே கைச்செலவுக்கு ஆகும், பாடத்திட்டமும் பழகிவிடும்.

பேச்சு ஆங்கிலம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். "நம்ம ஏரியா பேச்சு வந்துடுமோ" என்று மகள் கூச்சப்படுகிறாள் என்றீர்களே, அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. காசிமேட்டுத் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்து அருமையாக ஆங்கிலம் நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். நேர்காணலில் வீடியோவில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு பாடம் நடத்தச் சொல்வார்கள். உதாரணமாக, எட்டாம் வகுப்புக்கு 'ரிப்போர்ட்டட் ஸ்பீச்', அதாவது ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் இலக்கணம். நம் பிள்ளைகள் உடனே விதியைச் சொல்லி, போர்டில் ஐந்து வாக்கியம் எழுதி மாற்றிக் காட்டுவார்கள். பார்ப்பவர்கள் எதிர்பார்ப்பது வேறு. ஒரு மாணவியை எழுப்பி, "நேற்று உன் அம்மா உன்னிடம் என்ன சொன்னார்?" என்று கேட்டு, அவள் சொல்லும் பதிலிலிருந்தே விதியைப் பிள்ளைகள் வாயால் வரவழைக்கும் ஆசிரியரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். பின் பெஞ்சில் சும்மா இருக்கும் பிள்ளையை என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்கள். உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது சில ஒலிகள் மட்டுமே. 'ஜூ' (zoo) என்பது 'சூ' ஆகக் கூடாது, 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஒரு 'இ' ஒட்டக் கூடாது. தினமும் பத்து நிமிடம் சத்தம் போட்டு வாசித்து, போனில் பதிவு செய்து கேட்டால் தானாகச் சரியாகும். இதற்கென்று பெரும் பணம் கட்டி 120 மணி நேர ஆன்லைன் 'டெஃபல்' (ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் வாங்க வேண்டாம். இந்தியப் பள்ளிகளில் அது பி.எட்.டுக்கு ஈடாகாது.

வேலைக் கடிதம் வரும் நாளில் இதைப் பார்க்க மறக்காதீர்கள். 4,000 திர்ஹாம் என்று ஒரு கடிதம் வருகிறது என்று வையுங்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 1,500, மீதி எல்லாம் படி என்று பிரித்திருக்கலாம். இன்னொரு பள்ளி அதே 4,000-ல் 3,000-ஐ அடிப்படையாகப் போட்டிருக்கலாம். மாதா மாதம் கைக்கு வருவது ஒன்றுதான். ஆனால் அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். முதல் பள்ளியில் வருடத்துக்குச் சுமார் 1,050 திர்ஹாம் சேரும், இரண்டாவதில் 2,100. அடுத்து, தங்குமிடம் யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். 'பெட் ஸ்பேஸ்' எடுத்து நான்கைந்து பேரோடு ஓர் அறையில் இருந்தாலும் வாடகை சம்பளத்தில் கணிசமாகத் தின்றுவிடும். கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, விமான டிக்கெட் வருடத்துக்கு ஒன்றா, இரண்டு வருடத்துக்கு ஒன்றா, கேளுங்கள். ரியால் என்று எழுதியிருந்தால் எந்த ஊர் ரியால் என்று பாருங்கள். ஓமன் ரியால் ஒன்று, சவூதி ரியால் கிட்டத்தட்ட பத்துக்குச் சமம். சவூதி என்றால் இன்னொன்று: பிற்காலத்தில் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டால் தலைக்கு மாதம் 400 ரியால் அரசுக்குக் கட்ட வேண்டியிருக்கும். பள்ளி உண்மையானதா என்று பார்க்க, துபாய் என்றால் அங்குள்ள கல்வி ஆணையமான கேஎச்டிஏவின் இணையதளத்தில் தனியார் பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. பள்ளியின் பெயர் அங்கே இல்லை என்றால் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

காகித வேலைகளை இப்போதே தொடங்கலாம், காத்திருக்க வேண்டியதில்லை. பட்டச் சான்றிதழில் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம். சவூதி, ஓமன், பஹ்ரைன் மூன்றும் அப்போஸ்டில் (ஒரு நாட்டுச் சான்றிதழை மற்ற நாடுகள் அப்படியே ஏற்கும் முத்திரை) ஒப்பந்தத்தில் இருப்பதால் அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். அமீரகம், கத்தார், குவைத்துக்கு அதற்கும் மேல் தூதரக முத்திரை வேண்டும். போலீஸ் சான்றிதழ் மட்டும் வேலை உறுதியான பிறகு பாஸ்போர்ட் சேவை மூலமாகவே வாங்கலாம், உங்களுக்கு அமைந்தகரை மையம் பக்கம். மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். மகளுக்கு எப்போதாவது காசநோய் வந்து குணமாகியிருந்தால், பழைய தழும்பே தடையாகலாம். ஒரு டாக்டரிடம் இப்போதே எக்ஸ்ரே காட்டிவிடுங்கள், கடைசி நேரத்தில் தெரிந்தால் மனசு உடைந்துபோகும்.

கடைசியாக, பெயர். நம் ஊரில் இனிஷியல் வைத்து எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகவே கிடக்கிறது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. உங்கள் மகளின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால், இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட்டை மாற்றி வாங்க விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட், பட்டம், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று இன்று இரவே பாருங்கள். பட்டமளிப்புச் சான்றிதழை இன்னும் வாங்கவில்லை, புரொவிஷனல் மட்டும் கையில் இருக்கிறது என்றால் அதற்கும் இந்த வாரமே பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் போட்டுவிடச் சொல்லுங்கள். பி.எட். விண்ணப்ப அறிவிப்பு வரும்போது எனக்கு ஒரு போன் செய்யுங்கள், படிவத்தைச் சேர்ந்தே நிரப்பலாம்.