உயர்மலை வேட்டைக்கு எடை மிகக் குறைந்த ரைபிளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

குடியாத்தத்தில் பிறந்து டென்வரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டிருக்கிறார். வரும் பருவத்தில் கொலராடோ மலைகளில் முதன்முறையாக எல்க் மான் வேட்டைக்குப் போகவிருப்பதாகவும், கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற சக்தி மிகுந்த தோட்டாவைச் சுடும், 2.6 கிலோ எடையுள்ள ரைபிள் ஒன்றைக் காட்டியதாகவும், அதை வாங்கலாமா என்றும் எழுதியிருக்கிறார். அந்த எடையும் நல்லது, அந்தத் தோட்டாவும் நல்லது. ஆனால் முதல் ரைபிளில் இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம் என்பதே என் பதில்.

நான் வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் பல வீடுகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக இராணுவத்துக்குப் போயிருக்கிறார்கள். நான் இராணுவக் கருவிகளைப் பராமரிக்கும் இ.எம்.இ. பிரிவில் சிறு ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். என் அக்கா மகன் கொலராடோவில் இருக்கிறான். அங்கே சென்றிருந்தபோது அவனுடன் சுடுதளத்துக்கும் மலைக்கும் போய், அவன் சுடுவதை அருகில் நின்று கவனித்திருக்கிறேன்.

நம் ஊரில் இதைப் படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். ஜவ்வாது மலையில் உரிமமில்லாத நாட்டுத்துப்பாக்கியோடு பிடிபடுபவர் மீது ஆயுதச் சட்டமும் பாயும். ஆகவே நான் எழுதுவது கொலராடோவுக்கு மட்டுமே பொருந்தும். அங்கும் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கடைக்குப் போவதற்கு முன்பு வேட்டைக் கல்வி வகுப்பை முடித்து உரிமத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி எடைக்கு வருவோம். விளம்பரத்தில் அச்சிடுவது வெறும் ரைபிளின் எடை. வெதர்பி நிறுவனத்தின் பேக்கன்ட்ரி டைட்டானியம் 2.2 கிலோ அளவிலும், டிக்கா டி3எக்ஸ் லைட் 2.9 கிலோ அளவிலும் இருக்கின்றன. இவற்றின் மேல் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், அதைப் பொருத்தும் வளையங்கள், தோள்வார், நான்கு தோட்டாக்கள் எல்லாம் ஏறும்போது, சிக்கனமாகத் தேர்ந்தாலும் 600 முதல் 700 கிராம் கூடிவிடும். எனவே கடையில் இரண்டு ரைபிள்களை ஒப்பிடும்போது, மலையில் தோளில் தொங்கப்போகிற நிலையில் இருக்கும் மொத்த எடையை ஒப்பிடுங்கள். 300 கிராம் மிச்சம் பிடிக்க டைட்டானியத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதன் மேல் 700 கிராம் ஸ்கோப்பை ஏற்றுபவர்கள் பலர் உண்டு.

துப்பாக்கியின் உதை எங்கும் மறைந்துபோவதில்லை. குண்டும் வெடிமருந்தின் வாயுவும் எவ்வளவு உந்தத்தோடு முன்னால் போகின்றனவோ, அவ்வளவு உந்தத்தோடு ரைபிள் பின்னால் வருகிறது. ஆகையால் அதே தோட்டாவுக்கு ரைபிளின் எடையைப் பாதியாக்கினால், தோளில் இறங்கும் ஆற்றல் இரு மடங்காகும். நாங்கள் சுட்டுப் பழகிய இராணுவ ரைபிளான 7.62 எஸ்.எல்.ஆர்., மேகசினோடு சேர்ந்து ஏறத்தாழ ஐந்து கிலோ இருக்கும். அதன் உதை கணக்குப்படி 13 ஜூல் அளவில் வரும். உங்களுக்குக் காட்டிய .300 மேக்னத்தை ஸ்கோப்போடு 3.3 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதன் உதை 39 ஜூல் அளவில் வருகிறது. எஸ்.எல்.ஆரையே தோளில் வாங்கப் பயந்த ரெக்ரூட்டுகளைப் பார்த்தவன் என்ற முறையில், அதைப்போல் மூன்று மடங்கு உதையோடு ஒருவர் சுடக் கற்றுக்கொள்வதை என்னால் ஆதரிக்க முடியாது.

வலியைக் காட்டிலும், அந்த வலியை எதிர்பார்த்து உடம்பு செய்யும் காரியம்தான் பெரிய கேடு. என் அக்கா மகனும் முதலில் ஒரு மெல்லிய மேக்னத்தைத்தான் வாங்கியிருந்தான். சுடுதளத்தில் அவன் நண்பரிடம் சொல்லி, மேகசினில் அவனுக்குத் தெரியாமல் நடுவே ஒரு டிரில் ரவுண்டைப் போடச் செய்தேன். மருந்தில்லாத அந்த ரவுண்டு வந்தபோது டிரிகர் சொடுக்கென்றது. வெடி எதுவும் இல்லை. ஆனாலும் குழலின் நுனி ஒரு சாண் கீழே முங்கி எழுந்தது, அவன் கண்களும் இறுக மூடியிருந்தன. பிறகு அவனே சொன்னான்: “மாமா, இத்த நாள் முழுக்கத் தூக்கினு நடக்கலாம், ஆனா அஞ்சு ரவுண்டுக்கு மேல சுட முடியல.” சுட முடியாத ரைபிளில் பழகவும் முடியாது. பழகாதவர் சுட்டால் குண்டு நெஞ்சுக்குப் பதிலாக வயிற்றில் பாயும். அந்த விலங்கு மணிக்கணக்கில் தவித்து, யார் கைக்கும் கிடைக்காமல் எங்கோ ஒரு சரிவில் சாகும். இந்த விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே எடையைக் குறைக்க விரும்பினால் தோட்டாவின் சக்தியையும் சேர்த்தே குறையுங்கள். 1980இல் வந்த 7 எம்எம்-08 ரெமிங்டன் என்ற தோட்டா என் முதல் தேர்வு. 140 கிரெய்ன் (ஏறத்தாழ 9 கிராம்) குண்டோடு, எல்லாம் சேர்ந்து 2.9 கிலோ இருக்கும் ரைபிளில் அதன் உதை 21 ஜூல் அளவுதான். 6.5 கிரீட்மூர் இன்னும் மென்மையானது; .308 வின்செஸ்டர் சற்றே கடுமையானது, ஆனால் அதன் தோட்டா எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். கொலராடோ விதிகள் எல்க் வேட்டைக்குக் கேட்பது குறைந்தபட்சம் .24 அங்குல விட்டம், 85 கிரெய்ன் எடையுள்ள விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். நான் சொன்ன மூன்று தோட்டாக்களுமே அந்த வரம்பைத் தாராளமாகத் தாண்டுகின்றன. உடையாமல் ஆழமாக ஊடுருவும் செம்புக் குண்டையோ, உறையும் ஈயமும் பிணைக்கப்பட்ட குண்டையோ வாங்குங்கள். புதிதாகத் தொடங்குபவர் 250 கெஜத்துக்கு மேல் சுடவே கூடாது என்பது என் கருத்து. அந்தத் தூரத்துக்குள் மேக்னத்தால் கிடைக்கும் கூடுதல் பயன் சொற்பம்.

குழலை எவ்வளவு மெலிதாக்கலாம் என்பதும் கேள்விதான். பென்சில் போன்ற குழல் இரண்டு மூன்று குண்டுகளிலேயே சூடேறிவிடும். சூடேறினால் குறி நகரக்கூடும். வேட்டையில் முதல் குண்டுதான் முக்கியம் என்பதால் இது பெரிய குறையல்ல. ஆனால் ஜீரோ செய்யும்போது, அதாவது குண்டு படும் இடத்துக்கு ஏற்ப ஸ்கோப்பைச் சரிசெய்யும்போது, மூன்று ரவுண்டு சுட்டபின் குழல் கைக்குக் குளிரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் பத்து ரவுண்டு சுட்டுவிட்டு ஸ்கோப்பைக் குறை சொல்பவர்கள் அதிகம். 22 அங்குலக் குழல் போதும். நுனியில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் மசில் பிரேக் பொருத்தினால் உதை நன்றாகக் குறையும், ஆனால் சத்தம் பக்கவாட்டில் திரும்பிக் காதைத் தாக்கும். வேட்டையின் அவசரத்தில் காதடைப்பானை மறந்துவிடுவீர்கள். பீரங்கிப் படையிலிருந்து காது மந்தமாகி வந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அதனால் பிரேக்கை நான் பரிந்துரைப்பதில்லை.

எடை குறைந்த ரைபிளைப் பிடிக்கும் முறையும் வேறு. கனமான ரைபிளின் முன்கட்டையை மணல்மூட்டை மேல் சும்மா வைத்துவிட்டுச் சுட்டாலும் அது நிலையாக இருக்கும். மெலிந்த ரைபிளை அப்படி விட்டால், குண்டு குழலைவிட்டு நீங்கும் முன்பே அது துள்ளத் தொடங்கிவிடும். எனவே முன்கட்டையை இடது கையால் உறுதியாகப் பற்றி, மூட்டையின் மேல் அழுத்திச் சுட வேண்டும். டிரிகரின் இழுவை 1.2 கிலோ அளவில், தடையில்லாமல் விடுபட வேண்டும். கரகரவென்று இழுபடும் கனமான டிரிகர் மெலிந்த ரைபிளையே பக்கவாட்டில் நகர்த்திவிடும். ஸ்கோப் 3-9 மடங்கு, 350 கிராமுக்கு மிகாமல் இருக்கட்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்றரை அங்குல இடைவெளியாவது இருக்கும்படி பொருத்தச் சொல்லுங்கள், இல்லையேல் புருவம் கிழியும்.

அரைக் கிலோவுக்காக மிகவும் கவலைப்படுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கினாலும் கறியை ஒரே நடையில் கீழே கொண்டுவர ஒருவரால் ஆகாது. உண்ணத்தக்க கறியைக் காட்டில் வீணாக விட்டு வருவதைக் கொலராடோ சட்டம் அனுமதிப்பதில்லை. பத்தாயிரம் அடி உயரத்தில், மெல்லிய காற்றில், அந்தச் சுமையோடு பலமுறை ஏறி இறங்கும் கால்களுக்கு ரைபிளில் குறைத்த 400 கிராம் பெரிதாகத் தெரியாது. இப்போதிருந்தே முதுகில் 20 கிலோ சுமையோடு மலையேறிப் பழகுவதுதான் கைகொடுக்கும்.

உங்களுக்கு என் பரிந்துரை: 7 எம்எம்-08, 22 அங்குலக் குழல், வெறும் எடை 2.3 முதல் 2.6 கிலோ, எல்லாம் சேர்ந்து 3.2 கிலோவைத் தாண்டாமல் ஒரு போல்ட் ரைபிள் (ஒவ்வொரு முறையும் தாழைக் கையால் இழுத்துத் தோட்டாவை ஏற்றுவது). ரைபிள் வேட்டைப் பருவம் அக்டோபர் நடுவில் தொடங்குவதால் கோடைக்குள் வாங்கிவிடுங்கள். கடைக்குப் போகும்போது மலையில் அணியப்போகிற தடித்த குளிர்ச் சட்டையையும் எடுத்துச் சென்று, அதை மாட்டிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றிப் பாருங்கள். சாதாரணச் சட்டையில் சரியாக அமைந்த பின்கட்டை, தடித்த சட்டையில் அரை அங்குலம் நீளமாகி அக்குளில் சிக்கினால், கட்டையைக் குறைத்துத் தரும்படி அங்கேயே கேளுங்கள்.