பந்து உள்ளே, ஆள் வெளியே

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் மகனைக் கூப்பர்ஸ்டவுனில், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அழைத்துப் போயிருந்தேன். பள்ளி அணியில் ஆடுகிறான். தேர்வானவர்களின் வெண்கலப் பலகைகள் இருக்கும் கூடத்தில் பாரி பாண்ட்ஸைத் தேடினான், காணவில்லை. 762 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), அதற்கு மேல் யாரும் அடித்ததில்லையே, ஏன் இல்லை என்றான். ‘ஸ்டீராய்டு ஊக்கமருந்து போட்டு ஏமாற்றியவர். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்களைப் பிடுங்கவில்லையா, அதுபோலத்தான்’ என்றேன். அவன் சமாதானமாகவில்லை. நான் சொன்னதில் என்ன தவறு?

ர., நியூஜெர்சி

அன்புள்ள ர.,

உங்கள் மகன் பக்கம்தான் நான். ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களையும் ரத்து செய்தார்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டியலில் 1999 முதல் 2005 வரை வென்றவர் பெயரே இல்லை. பேஸ்பாலில் அப்படி எதையும் ரத்து செய்யவில்லை. 762 நிற்கிறது. 2001இல் ஒரே சீசனில் அடித்த 73 நிற்கிறது. ஏழு எம்விபி (ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர்) விருதுகளும் அவரிடமே இருக்கின்றன. அந்த ஆட்டங்களுக்கு விற்ற டிக்கெட் காசை எந்த அணியும் திருப்பித் தரவில்லை. மறுத்தது பலகையை மட்டும்தான்.

பாண்ட்ஸ் அப்பாவி என்று சொல்ல வரவில்லை. தனக்குத் தந்த ஸ்டீராய்டை ஆளிவிதை எண்ணெய் என்று நினைத்ததாக கிராண்ட் ஜூரியிடம் (வழக்கு தொடரலாமா என்று விசாரிக்கும் குழுவிடம்) அவர் சொன்ன கதையை நான் நம்பவில்லை. ஆனால் அதே கூடத்தில் லீக் கமிஷனராக இருந்த பட் செலிக்கின் பலகை இருக்கிறது, கவனித்தீர்களா? 1994இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தில் சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரே நின்றுபோய், ரசிகர்கள் வெறுத்துப் போயிருந்தார்கள். 1998இல் மார்க் மெக்குவயர் 70 ஹோம் ரன், சாமி சோசா 66 என்று அடித்துக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மெக்குவயரின் லாக்கரில் ஆண்ட்ரோ (தசை வளர்க்கும் மருந்து) பாட்டில் இருந்த செய்தி அந்த ஆகஸ்டிலேயே வெளிவந்தது. அப்போது லீக்கை நடத்தியவர் செலிக். தண்டனையோடு கூடிய பரிசோதனை வந்தது 2004இல். 2017இல் செலிக்குக்கு மரியாதை செய்து உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

என்னைத் தடுமாற வைப்பவர் வேறொருவர், ஃப்ரெட் மெக்ரிஃப். 1989இல் 36 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக்கில் முதலிடம், 1992இல் 35 அடித்து நேஷனல் லீக்கில் முதலிடம் (பெரிய லீக்கின் இரு பிரிவுகள் இவை). சில வருஷங்களிலேயே மற்றவர்கள் 60, 70 என்று அடிக்க, அவருடைய முப்பத்துச் சொச்சம் சில்லறையாகிவிட்டது. ஊக்கமருந்துப் புகார் எதிலும் அடிபடாத மனிதர். மொத்தம் 493 ஹோம் ரன்களோடு ஓய்வு பெற்றார். ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நிருபர்களின் வாக்குச்சீட்டில் பத்து வருஷம் இருந்தும் நாற்பது சதவீதத்தைக்கூட எட்டவில்லை; தேவை 75. கடைசியில் 2022 டிசம்பரில் 16 பேர் கொண்ட குழு அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. அதே குழுவிடம் பாண்ட்ஸுக்கு நான்கு ஓட்டுகூடத் தேறவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் எனக்கும் உங்களைப் போலவே தோன்றியது.

விதி வந்த பிறகும் பிடிபட்ட மேனி ராமிரெஸ் (இரண்டு தடவை!), 2014 சீசன் முழுக்கத் தடையில் உட்கார்ந்திருந்த அலெக்ஸ் ரோட்ரிகஸ், இவர்களுக்கு வேண்டாம். தெரிந்தே செய்தார்கள், சரி, போகட்டும். பாண்ட்ஸையும், அவரைப் போலவே புகாரில் சிக்கிய பந்துவீச்சாளர் ரோஜர் கிளெமன்ஸையும் லீக் ஸ்டீராய்டுக்காக ஒரு ஆட்டத்துக்குக்கூடத் தடை செய்ததில்லை. இருவரையும் சேர்க்கலாம், பலகையில் இந்தக் கதையையும் இரண்டு வரி எழுதி.

அப்படி எழுதுவது ஹால் ஆஃப் ஃபேமுக்குப் புதிதும் அல்ல. ஹாங்க் ஆரனின் பழைய சாதனையான 755ஐ பாண்ட்ஸ் தாண்டிய பந்தை, அந்த 756ஐ, ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ ஏலத்தில் ஏழரை லட்சம் டாலருக்கு வாங்கினார். என்ன செய்யலாம் என்று இணையத்தில் ஓட்டு வைத்தார். ராக்கெட்டில் ஏற்றி அனுப்புவதும் ஒரு யோசனை! ஜெயித்தது நட்சத்திரக் குறி (*), சாதனையில் சந்தேகம் உண்டு என்று காட்டும் அடையாளம். அதைப் பந்தின் தோலில் வெட்டி ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கொடுத்தார். குறியோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

2025 டிசம்பரில் குழு மறுபடி கூடியது. பாண்ட்ஸுக்கு ஐந்து ஓட்டுகூட இல்லை. புது விதிப்படி ஐந்துக்குக் குறைந்தால் அடுத்த சுற்றில் பெயரே வராது, இனி 2031தான். உங்கள் மகனுக்கு அப்போது என்ன வயது இருக்கும்?