கார்ட்டூன் படங்களில் வில்லன் பாடும் பாட்டுகளில் உங்களை உலுக்கியது எது?

1991இல் வந்த டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தில், காஸ்டன் ஊரைக் கிளப்பிக்கொண்டு மிருகத்தைக் கொல்லப் புறப்படும் பாட்டுத்தான். 'லயன் கிங்'கில் ஸ்கார் பாடுவதும் பெரிய பாட்டு, சரி. ஆனால் அந்தக் கழுதைப்புலிகள் ஏற்கனவே பசியோடு அவன் பக்கம் நிற்பவை. இங்கே கிளம்புவதோ, படத் தொடக்கத்தில் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லித் திரிந்த அதே சனம்.

இன்னொன்றைக் கவனித்துக் கேளுங்கள். பாட்டின் முதல் அடி காஸ்டனுடையதே இல்லை. மிருகம் இரவில் வந்து உங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடும் என்று அவன் வெறும் பேச்சாகத்தான் சொல்கிறான். பாடத் தொடங்குவது ஊரார். அது சாகும்வரை எங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று ஓர் ஆண் குரல், இரவில் பதுங்கி வரும் என்று இன்னொன்று, பிள்ளைகளைப் பலியெடுக்கும் என்று ஒரு பெண் குரல். அவன் போட்ட பயம் சில நொடிகளில் அவரவர் சொந்தப் பயமாகிவிட்டது. அப்புறம்தான் அவன் வாய் திறந்து பாடுகிறான்.

இது எனக்கு உறைத்ததற்குக் காரணம் யாழ்ப்பாணத்துக் குருநகர். சின்ன வயதில், தவக்காலத்தில் போட்ட, இயேசு பட்ட வேதனைகளைக் காட்டும் திருப்பாடுகளின் நாடகத்தில் நான் கூட்டத்தில் ஒருவன். "சிலுவையில் அறையும்" என்று கத்துவது மட்டும்தான் வேலை. பழக்கிய அண்ணா எங்களை ஒன்றாகக் கத்த விடவில்லை. முதலில் மூலையில் ஒருவர் மெல்லச் சொல்லவேண்டும், பிறகு மற்றப் பக்கத்தில் இரண்டு பேர், அதன்பின்தான் எல்லாரும். ஒத்திகையில் சிரித்துக்கொண்டு நின்றவன் நான். மேடையேறிய இரவில், என் முறை வந்ததும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். இயேசுவாக நின்றவர் எங்கள் ஒழுங்கைக்காரர், பின்னேரங்களில் எங்களோடு பந்தடிக்கிறவர். அந்த நேரம் அது நினைவிலேயே இல்லை. நாடகம் முடிந்து அவரே வந்து தேத்தண்ணீர் நீட்டியபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இந்தப் பாட்டுக்கு இசை ஆலன் மென்கன், வரிகள் ஹோவார்ட் ஆஷ்மன். ஆஷ்மன் அப்போது எய்ட்ஸ் நோயால் நலிந்துகொண்டிருந்தார். அந்த நோய் வந்தவர்களைத் தொடவே சனம் பயந்த காலம் அது. விளங்காத ஒன்று எங்களுக்குப் பிடிக்காது, அது பயமாக இருக்கிறது என்று ஊரார் பாடும் இடத்தில், எழுதும்போது அவர் யாருடைய முகங்களை நினைத்திருப்பார் என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். 1991 மார்ச்சில், 40 வயதில் இறந்துவிட்டார். படம் திரைக்கு வந்தது நவம்பரில்.